சேறு படாத கை

முழங்கால் வரை சேறு. தோளில் மண்வெட்டி, அதன் அலகிலிருந்து தண்ணீர் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. எங்கள் அங்கன்வாடி மையத்தின் இரும்புக் கதவைத் தள்ளிக்கொண்டு அவர் உள்ளே வந்தபோது காலை பதினோரு மணி இருக்கும். வேப்பமரத்தடியில் பதினைந்து பிள்ளைகள் தலை முதல் கால் வரை நனைந்து, கத்திக்கொண்டும் சிரித்துக்கொண்டும் இருந்தார்கள். அவருடைய மகள் மட்டும் அப்பாவைப் பார்த்ததும் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்து, “எம் பொண்ணு கை சேத்துக்கு இல்ல டீச்சர்” என்றார். சத்தம் போட்டுச் சொல்லவில்லை. போட்டிருந்தால் நானும் பதிலுக்குப் போட்டிருப்பேன். அதில் எனக்குக் குறைவே கிடையாது. அவர் தாழ்ந்த குரலில் சொன்னதால்தான் கையிலிருந்த சொம்பைக் கீழே வைத்துவிட்டு எழுந்தேன்.

தியாகதுருகத்தில் பேருந்து ஏறி, கள்ளக்குறிச்சி போகும் வழியில் இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தால் எங்கள் ஊர். நான் பிறந்தது திருக்கோவிலூரில். கல்யாணமாகி இங்கே வந்து, அங்கன்வாடிப் பணியாளராகச் சேர்ந்து, இப்போது ஊரில் பாதிப் பேருக்கு நான் டீச்சர். மேற்கே பார்த்தால் கல்வராயன் மலை தெரியும். அங்கே மழை பிடித்துக்கொண்டால் ஓரிரு நாளில் எங்கள் ஏரிக்குத் தண்ணீர் வரும். ஏரி நிறைந்துவிட்டால் ஊரில் எல்லோருக்கும் மண்வெட்டியோடு வந்த அந்த மனிதர் வேண்டும். மதகைத் திறந்து, வாய்க்காலில் தண்ணீரை இறக்கி, இன்றைக்கு யார் வயல், நாளைக்கு யார் வயல் என்று முறை வைத்துப் பாய்ச்சுவது அவர் வேலை. அவர் அப்பாவும் அதே வேலைதான் செய்தார். தண்ணிக்காரர் என்றுதான் ஊரில் அவரைச் சொல்வார்கள். அத்தனை வயலுக்கும் தண்ணீர் விடுகிறவருக்கு அதில் ஒரு குழி நிலம்கூடச் சொந்தமில்லை.

அவருடைய மகள் எங்கள் மையத்துக்கு வந்தபோது நான்கு வயது முடியவில்லை. வந்தாள் என்றால் நடந்து வரவில்லை, அப்பா இடுப்பில் வந்தாள். கல்யாணமாகி ஏழு வருடம் கழித்துப் பிறந்த ஒரே பிள்ளை. வாய் மட்டும் எட்டு ஊருக்குப் போதும். பாட்டுச் சொன்னால் இரண்டாவது முறையே பிழையில்லாமல் திருப்பிப் பாடுவாள். கதையில் நான் ஒரு வரியை விட்டுவிட்டால் கையும் களவுமாகப் பிடிப்பாள். ஆனால் சிலேட்டுக் குச்சியைக் கொடுத்தால் விரல்களுக்கு நடுவில் அது நிற்காது. கோடு இழுக்கப் போகும்போதே நழுவி விழும். பந்தைப் போட்டால் இரண்டு கையையும் விரித்தபடி நிற்பாள், பந்து வயிற்றில் பட்டுக் கீழே விழும். மதியம் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் மற்ற பிள்ளைகள் பிசைந்து வாயில் போட்டுக்கொண்டிருக்க, இவள் தட்டின் முன்னால் வாயைத் திறந்துகொண்டு காத்திருப்பாள். முதல் நாள் எனக்குச் சிரிப்பு வந்தது. ஒரு வாரம் கழித்துப் பயம் வந்தது.

பள்ளிப் பிள்ளைகளைப் பார்க்க வரும் மருத்துவக் குழு அந்த மாதம் வந்தபோது அவளைத்தான் முதலில் கொண்டுபோய் நிறுத்தினேன். டாக்டர் அவள் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார், முழங்கையைத் தட்டிப் பார்த்தார், தன் விரலைக் கொடுத்து இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். நோய் ஒன்றுமில்லை, இந்தக் கை வேலை பார்த்ததே இல்லை, வேலை கொடுங்கள் என்று சொல்லிவிட்டு அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டார். அன்று மாலை நடவு முடிந்து வந்த அவள் அம்மாவிடம் அதைச் சொன்னேன். அந்தப் பெண் தலையில் அடித்துக்கொண்டாள். “அவுரு கீழ எறக்கி வுட்டாத்தான டீச்சர்? சோறு கூட அவுருதான் ஊட்டுவாரு. மண்ணுல கை வெச்சாப் போதும், ஓடியாந்து கழுவி வுட்டுடுவாரு. நானு எதனா சொன்னா சண்டைக்கு வருவாரு” என்றாள். தன் புருஷன் மேல் அவளுக்குக் கோபமா பெருமையா என்று எனக்குப் பிடிபடவில்லை.

தண்ணீர் விளையாட்டு ஒன்றும் என் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. கள்ளக்குறிச்சியில் நடந்த ஒரு பயிற்சி வகுப்பில் சொன்னார்கள். திறந்த வெளியில் பிள்ளைகளைத் தண்ணீரில் விளையாட விட்டால் கைகால் தசைகள் வலுப்படும், கண்ணும் கையும் சேர்ந்து வேலை செய்யப் பழகும் என்றார்கள். பின்வரிசையில் இருந்த நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். குடிக்கிற தண்ணீரே குழாயில் காலையில் ஒரு மணி நேரம்தான் வருகிறது, இதில் விளையாட்டு வேறா என்று நானே பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னேன். எனக்கு அப்போது அ, ஆவில்தான் நம்பிக்கை. பிள்ளை சேர்ந்து மூன்று மாதத்தில் உயிரெழுத்து பன்னிரண்டும் சொல்ல வேண்டும், அதுதான் நல்ல டீச்சருக்கு அடையாளம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இந்தப் பிள்ளையின் கையைப் பார்த்த பிறகுதான் பயிற்சியில் கொடுத்த தாள்களை பீரோவிலிருந்து தேடி எடுத்தேன்.

மாசி மாதத்து வெயிலில் ஆரம்பித்தோம். பெரிதாக ஒன்றும் வாங்கவில்லை. இரண்டு அகலமான பிளாஸ்டிக் அன்னக்கூடை, நாலைந்து சொம்பு, கைப்பிடி உடைந்த மக்கு, மூடியில் ஆணியால் துளை போட்ட தண்ணீர் பாட்டில், தலையணைக்குள் இருந்து எடுத்த ஸ்பாஞ்சு மெத்தைத் துண்டு, சுவருக்கு வெள்ளையடிக்கும் பிரஷ். இந்தக் கூடையில் இருக்கும் தண்ணீரைச் சொம்பில் மொண்டு அந்தக் கூடையில் ஊற்ற வேண்டும். சிந்தாமல் நடந்தால் கைதட்டல், சிந்தினால் அதைவிடப் பெரிய கைதட்டல். மெத்தைத் துண்டை முக்கி எடுத்துக் கிண்ணத்தில் பிழிய வேண்டும். ஈரத்துணியை இரண்டு பேர் ஆளுக்கொரு முனை பிடித்து முறுக்க வேண்டும். பிரஷ்ஷை நனைத்துச் சுவரில் கோடு போட வேண்டும். போட்ட கோடு வெயிலில் மறைந்துவிடும், அதனால் யாருக்கும் தப்பாகப் போடுகிறோம் என்ற பயமே இல்லை. மொள்ளும்போது தோளும் முழங்கையும் வேலை செய்வதையும், ஊற்றும்போது மணிக்கட்டு திரும்புவதையும், பிழியும்போது ஐந்து விரலும் ஒன்றுசேர்வதையும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தபோதுதான் பயிற்சி வகுப்பில் நான் சிரித்ததற்கு வெட்கப்பட்டேன்.

உதவியாளர் அக்கா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். கணுக்காலுக்கு மேல் தண்ணீர் எங்கேயும் நிற்காது. ஆட்டம் முடிந்தால் கூடைகளைக் கவிழ்த்துவிட்டுத்தான் உள்ளே போவோம். கவிழ்க்கிற தண்ணீரும் வீண் போகவில்லை. மரத்தடியிலிருந்து கீரைப்பாத்தி வரைக்கும் பிள்ளைகளே கையால் ஒரு சின்ன வாய்க்கால் பறித்தார்கள். விளையாடிய தண்ணீர் அதன் வழியாகப் பாத்திக்குப் போகும், அந்தக் கீரை எங்கள் சாம்பாருக்கு வரும். அந்த வாய்க்கால்தான் எல்லா வம்புக்கும் காரணம் என்று அப்போது எனக்குத் தெரியாது.

தண்ணிக்காரர் மகள் முதல் நான்கு நாள் மரத்தில் சாய்ந்து நின்று வேடிக்கை பார்த்தாள். கூப்பிட்டால், “அப்பா திட்டும்” என்பாள். ஐந்தாம் நாள் ஒரு விரலை நனைத்துப் பார்த்துவிட்டுப் பாவாடையில் துடைத்தாள். அதற்கடுத்த வாரம் மெத்தைத் துண்டை எடுத்தாள். எடுத்தாளே தவிரப் பிழிய வரவில்லை. உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அது தானாகச் சொட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன், சொல்லிக் கொடுக்கவில்லை. நானும் ஒரு துண்டை எடுத்து முக்கிப் பிழிந்தேன். இரண்டு நாள் கழித்து அவள் பிடியிலிருந்து கட்டை விரல் பருமனுக்குத் தண்ணீர் இறங்கியது. “டீச்சர், மழ!” என்று கத்தினாள். அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் நான் எனக்குள்ளே சிரித்துக்கொண்டு போனேன். எதிரே வந்தவர்கள் என்ன நினைத்தார்களோ.

அந்தச் சந்தோஷத்தில்தான் தப்புச் செய்தேன். பிள்ளைகள் வாய்க்கால் பறித்து மடை கட்டுவதைப் போனில் படம் எடுத்து, தாய்மார்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். படத்தில் முன்னால் உட்கார்ந்து இரண்டு கையாலும் சேற்றை அள்ளிக்கொண்டிருந்தவள் அவள்தான். நல்ல படம். ஒரு மணி நேரத்தில் அது ஊர் முழுக்கப் போய்விட்டது. வயலில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்த அவரிடம், நிலக்காரர் வீட்டு ஆள் ஒருவர் வரப்பில் நின்றபடி போனைக் காட்டி, “இன்னாய்யா, உம் பொண்ணும் மடை கட்டக் கத்துக்கிச்சே. இனிமே எங்களுக்குக் கவலையே இல்ல, அடுத்த தண்ணிக்காரி ரெடி” என்று சொல்லிச் சிரித்தாராம். கேலியாகத்தான் சொல்லியிருப்பார். ஆனால் அந்தக் கேலியை அவர் நின்ற இடத்தில் நின்று கேட்டால்தான் அதன் கனம் தெரியும். மண்வெட்டியை வீட்டில் வைக்கக்கூடப் பொறுமையில்லாமல் நேரே எங்கள் மையத்துக்கு நடந்து வந்துவிட்டார்.

“எழுதக் கத்துக்கினு வரும்னு அனுப்பிச்சா, சேத்துல ஆட வுட்டு ஊருக்கே படம் காட்டுறீங்க” என்றார். “எங்க வூட்டுல இல்லாத சேறா?” படம் போட்டது தப்புதான் அண்ணா என்று நான் சொன்னேன். டாக்டர் சொன்னதைச் சொல்ல வாயெடுத்தேன், அவர் கேட்கவில்லை. மண்வெட்டியைக் கதவில் சாய்த்துவிட்டு, தன் துண்டால் மகளின் கைகளை விரல் விரலாகத் துடைத்தார். அவரே சேற்றில் நின்றுகொண்டிருந்தார். துண்டு மட்டும் வெள்ளையாக இருந்தது. பிறகு அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டார். மறுநாள் அவள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை.

பத்து நாள் பொறுத்தேன். எனக்கென்ன வந்தது, பெற்றவருக்கு இல்லாத அக்கறையா என்று என்னையே சமாதானம் செய்துகொண்டேன். அந்தச் சமாதானம் சோறு பரிமாறும் நேரம் வரைக்கும்தான் தாங்கும். அவள் உட்காரும் இடம் காலியாக இருக்கும். பதினோராம் நாள், மதியம் மையத்தை மூடிவிட்டு ஏரிக்கரைக்கு நடந்தேன்.

நவரைப் பட்டத்து நெல் பச்சையாக நின்றது. வாய்க்கால் மேட்டில், பனைமர நிழலில், சாக்கு விரித்து அதன் மேல் ஒரு துண்டையும் விரித்து அவளை உட்கார வைத்திருந்தார். அவள் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு ஆடாமல் உட்கார்ந்திருந்தாள். அவர் கீழே வாய்க்காலுக்குள் நின்று, ஒரு மடையில் எங்கோ தண்ணீர் கசிவதைத் தேடிக்கொண்டிருந்தார். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. கையைச் சேற்றுக்குள் விட்டு, எங்கோ பார்த்துக்கொண்டு துழாவினார். சட்டென்று கை நின்றது. “நண்டு வளை” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, ஒரு பிடி மண்ணைக் குழைத்து அதில் திணித்துக் குதிகாலால் மிதித்தார். கசிவு நின்றுவிட்டது.

“பாப்பா பத்து நாளா வரலியே அண்ணா” என்றேன்.

“வராது டீச்சர். தியாகதுருகத்துலேர்ந்து இங்கிலீஷ் இஸ்கூல் வேன் வருதுல்ல, ஆனி மாசம் அதுல சேத்துடலாம்னு கீறேன்.”

“சேத்துக்குவாங்க. கையில பென்சிலக் குடுப்பாங்க. புடிக்குமா?”

அவர் குனிந்து, அடைத்த மண்ணை மறுபடி அமுக்கினார். நான் அத்துடன் நிறுத்தியிருக்கலாம். என் வாய் எப்போது சொன்ன இடத்தில் நின்றிருக்கிறது? “கையில நோவு ஒண்ணும் இல்லன்னு டாக்டரே சொல்லிட்டாரு. மண்ணு படக்கூடாது, சேறு படக்கூடாதுன்னு நீங்க தூக்கிக்கினே திரிஞ்சீங்க. அந்தக் கைக்கு நீங்க வேலையே குடுக்கல. வேற யாரும் இல்ல அண்ணா, நீங்கதான்.”

சொன்ன பிறகுதான் சொன்னது எவ்வளவு பெரிய சொல் என்று தெரிந்தது. அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் வாய்க்காலைப் பார்த்தேன். பிறகு அவர் வரப்பில் உட்கார்ந்தார். “எங்கப்பன் எனக்கு ஆறு வயசுல மம்பட்டியக் குடுத்துட்டாரு. வாத்தியாரு வூட்டுக்கே வந்து கூப்டாரு, அனுப்பல. எழுத்துன்னா எனக்கு இன்னான்னே தெரியாது டீச்சர். எம் பேரு இதுதான்னு ஒரு காயிதத்தக் காட்டுனா நம்பித்தான் ஆவணும். சேத்துல எறங்குனா ஏற முடியாது. அதான் எம் பொண்ண எறக்கவே இல்ல.” அவர் மகள் பக்கம் திரும்பினார். அவள் எங்களைக் கவனிக்கவில்லை. மடியில் இருந்த கை மட்டும், மெத்தைத் துண்டைப் பிழிவதுபோலச் சும்மாவே மூடித் திறந்துகொண்டிருந்தது. அதை அவரும் பார்த்தார், நானும் பார்த்தேன்.

“நெசமாவே தண்ணியில ஆடுனா எழுத வருமா?” என்று கேட்டார்.

“வெரலுக்கு வலு வந்தாத்தான் அண்ணா பென்சில் நிக்கும். ஒண்ணாங்கிளாஸ் போறதுக்குள்ள இந்தக் கை எழுதலன்னா, ஊர் நடுவுல நிக்க வெச்சு என்னைக் கேளுங்க.” சவால் விட்டுவிட்டேனே தவிர, திரும்பி வரும் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு நடந்தேன். நான் டாக்டர் இல்லை. ஒரு பயிற்சி வகுப்பில் பின்வரிசையில் உட்கார்ந்து சிரித்தவள். அந்தப் பிள்ளைக்கு எழுத வராமல் போனால், அவர் என்னை ஊர் நடுவில் நிறுத்த வேண்டாம், நானே போய் நின்றுகொள்வேன் என்று தோன்றியது.

மூன்றாம் நாள் அவரே அவளைக் கொண்டுவந்து விட்டார். விட்டவர் போகவில்லை. கதவுக்கு வெளியே நின்று வேடிக்கை பார்த்தார். எங்கள் பிள்ளைகள் வழக்கம்போல வாய்க்காலுக்குக் குறுக்கே உதிரி மண்ணைக் குவித்து மடை கட்டினார்கள், தண்ணீர் வந்து அதை இழுத்துக்கொண்டு போனது. மறுபடி குவித்தார்கள், மறுபடி போனது. நான்காவது தடவை அவருக்குப் பொறுக்கவில்லை. “அய்ய, இப்படியா மடை கட்டுவாங்க! வுடு வுடு” என்று உள்ளே வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். உதிரி மண் நிற்காது, குழைக்க வேண்டும் என்றார். ஒரு பிடி மண்ணை எடுத்து, தண்ணீர் தெளித்து, விரிசல் விடாத உருண்டையாகும் வரை பிசைந்து காட்டினார். அதோடு கொஞ்சம் அறுகம்புல்லைச் சேர்த்துப் பிசைந்தால் கரையாது என்றார். பதினான்கு பிள்ளைகளும் உருண்டை பிடிக்க ஆரம்பித்தார்கள். பதினைந்தாவதாக அவர் மகளும் ஒரு பிடி மண்ணை எடுத்து அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் ஒரு நிமிடம் அந்தக் கையையே பார்த்தார். “நல்லா அமுக்கிப் பெசை பாப்பா” என்றார். அதைச் சொல்ல அவருக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று பக்கத்தில் இருந்த எனக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு வயலில் வேலை குறைவான நாட்களில் எல்லாம் வந்துவிடுவார். பிள்ளைகள் மடைக்கு அடித்துக்கொள்வதைப் பார்த்து, கொட்டாங்குச்சியில் ஒரு துளை போட்டு மரத்தில் தொங்கவிட்டார். அதில் ஊற்றிய தண்ணீர் ஒழுகித் தீரும் வரை ஒருவர் முறை. தீர்ந்தால் மடையை மாற்றி அடுத்தவர் பாத்திக்குத் தண்ணீர் விட வேண்டும். ஒருநாள் நிலக்காரர் வீட்டுப் பேரன் தன் முறை முடிந்தும் எழுந்திருக்க மாட்டேன் என்றான். “இங்க யாருக்கும் ஜாஸ்தி மொற கெடையாது தம்பி, எழுந்திரு” என்று அவர் சொன்ன மிடுக்கைப் பார்க்க வேண்டும். வெளியே எந்த வரப்பிலும் அவரால் அப்படிச் சொல்லியிருக்க முடியாது. உதவியாளர் அக்கா கரண்டியும் கையுமாக வந்து நின்று சிரித்தாள்.

எல்லாம் மளமளவென்று நடந்துவிடவில்லை. பங்குனியில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது, தண்ணீரில் ஆடியதால்தான் வந்தது என்று நாலு பேர் சொன்னார்கள். ஒரு மாதம் அவள் வரவில்லை, கை பழையபடி ஆகிவிட்டது. சித்திரையில் குழாயே வறண்டது. அரிசி களைந்த தண்ணீரையும் கை கழுவிய தண்ணீரையும் சேர்த்து வைத்து ஆளுக்கொரு சொம்புதான் கொடுத்தோம். ஆனால் அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்களே, அது எங்கள் மரத்தடியில் நடந்தது. சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டாள். ஓடும் வாய்க்காலைத் தாண்டிக் குதித்தாள். ஒரு மதியம், சாம்பார் சோற்றை ஐந்து விரலாலும் பிசைந்து, உருட்டி, சிந்தாமல் வாயில் போட்டுக்கொண்டாள். அன்று அவர் வெளியே நின்றிருந்தார். அவளுக்கு ஊட்டவென்று வாங்கி வந்த வாழைப்பழத்தை என்ன செய்வதென்று தெரியாமல் என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். இங்கிலீஷ் பள்ளி வேனைப் பற்றி அதன் பிறகு பேச்சே எடுக்கவில்லை.

இது நடந்து சில வருடம் ஆகிவிட்டது. இப்போது எங்கள் மரத்தடியில் பஞ்சாயத்தார் சிமெண்டில் கட்டிக்கொடுத்த வாய்க்காலும் தொட்டியும் இருக்கின்றன. வேறு மையங்களிலிருந்து பார்க்க வருகிறார்கள், கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கத்திலிருந்துகூட இரண்டு டீச்சர்கள் வந்து கொட்டாங்குச்சியைப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். வருகிறவர்களுக்கு நான் பெரிய நிபுணரைப்போல விளக்கம் சொல்வேன். எனக்கு அதில் கூச்சமெல்லாம் கிடையாது. பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்ல என்ன கூச்சம்? தண்ணிக்காரர் மகள் இப்போது ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். ஆனால் இத்தனை வருட வேலையில் உனக்குப் பெருமை எது என்று யாராவது கேட்டால், அவள் ஒன்றாம் வகுப்புச் சேர்ந்த ஆடி மாதத்தில் ஒரு காலையைத்தான் சொல்வேன்.

பள்ளிக்கூடம் எங்கள் மையத்துக்கு அடுத்த காம்பவுண்டுதான். அன்று காலை அவர் என்னிடம் ஓடி வந்தார். “எட்மாஸ்டர் என்னை வரச் சொல்லிக்கீறாரு டீச்சர். பாப்பா எழுதற வெசயமாம். நீங்களும் கூட வாங்க” என்றார். ஊர் நடுவில் நிற்க வேண்டிய நாள் வந்துவிட்டது என்று நினைத்தேன். பிள்ளைகளை உதவியாளர் அக்காவிடம் விட்டுவிட்டு அவரோடு நடந்தேன்.

தலைமையாசிரியர் மேசை மேல் அவள் நோட்டைத் திறந்து வைத்திருந்தார். பக்கத்தில் முனை ஒடிந்த பென்சில்கள் நாலு. அவள் மேசை ஓரத்தில் நின்றுகொண்டிருந்தாள். “எழுத்தெல்லாம் முத்து முத்தாத்தான் போடுது” என்றார் தலைமையாசிரியர். “ஆனா இன்னா அழுத்து அழுத்துது தெரியுமா? ஒரு பக்கம் எழுதறதுக்குள்ள நாலு பென்சில். தாளே கிழியுது. கையக் கொஞ்சம் லேசா வெச்சு எழுதச் சொல்லுங்க.” எனக்கு மூச்சு வந்தது.

தண்ணிக்காரர் நோட்டை இரண்டு கையாலும் வாங்கினார். எழுதிய பக்கத்தைப் பார்த்தார். அதில் அவருக்கு என்ன தெரியும்? தாளைத் திருப்பினார். எழுத்துகள் பின்பக்கம் மேடு மேடாகப் புடைத்திருந்தன. வேட்டியில் கையைத் துடைத்துவிட்டு, ஆள்காட்டி விரலை அந்த வரிகளின் மேல் மெல்ல ஓட்டினார். முதல் வரியின் முடிவு வரை போனார். அடுத்த வரிக்கு இறங்கினார். ஓர் இடத்தில் விரல் நின்றது. “இது இன்னா பாப்பா?” என்றார்.

“அது உம் பேருப்பா” என்றாள் அவள்.

அவர் அந்த இடத்தில் விரலை இன்னொரு முறை ஓட்டினார். பிறகு தலைமையாசிரியரை நிமிர்ந்து பார்த்தார்.

“லேசா எழுதச் சொல்லாதீங்க சார்” என்றார். “இப்படி எழுதுனாத்தான் எனக்குத் தெரியுது.”